ஒம்போது டெக்கு, ஆறு வருஷம், ஒரு பானை கொதிக்கிற தண்ணி

பெங்களூரு உல்சூர்ல எங்க வீட்டு மாடிப்படிக்கு கீழ இப்போதைக்கு ஆறு ஸ்கேட்போர்டு டெக்கு, அதாவது வீல் இல்லாத வெறும் பலகை, கெடக்கு, தேஞ்சது பொளந்தது வளைஞ்சது ரெண்டு துண்டா போனதுன்னு எல்லா ரகமும் இருக்கு. ஒண்ணு என் காலுக்கு கீழ ஓடிட்டிருக்கு, ஒண்ணு அக்கா பையன்கிட்ட, இன்னொண்ணு அம்மாவோட அடுப்படியில, அது தனிக் கதை, அப்புறம் வரேன். மொத்தம் ஒம்போது. 2019-ல ஆரம்பிச்சது. வாரத்துக்கு ரெண்டு மூணு நாள் ஓட்டுவேன், எடை 74 கிலோ, ஷூ சைஸ் 9, ஆலி (போர்டோட சேர்ந்து குதிக்கறது) ஒழுங்கா வரும், கிக்ஃப்ளிப் (குதிச்சு போர்டை காத்துல சுழட்டறது) மூணுக்கு ஒண்ணு நிக்கும், போர்டுஸ்லைடு (கட்டை மேல போர்டை சறுக்க விடறது) பண்ணுவேன், அதுக்கு மேல ஒண்ணும் கேக்காதீங்க. இதை ஏன் மொதல்லயே சொல்றேன்னா, ஓட்டறவன் யாருன்னே தெரியாம "ஆறு மாசம் தாங்குச்சு"ன்னு படிச்சா அதுல ஒரு பிரயோஜனமும் இல்ல. அம்பது கிலோ பையன் பார்க்ல வழவழன்னு உருட்டறதும், என்னை மாதிரி ஆளு பிளாட்பார கட்டையில இடிச்சு இடிச்சு கத்துக்கறதும் ஒண்ணா என்ன?

என்கிட்ட எல்லாரும் கேக்கறது ஒரே கேள்வி, எந்த பிராண்டு நல்லது. நான் சொல்ற பதில் யாருக்கும் புடிக்கறதில்ல: கீழ இருக்கற படத்தை மறந்துடு, அதை எந்த பட்டறையில அழுத்தினாங்க, என்ன பசை போட்டாங்க, உன் கைக்கு வர்றதுக்கு முன்னாடி எங்க அடுக்கி வெச்சிருந்தாங்க, இந்த மூணும்தான் விஷயம். ஏன்னா பாதிக்கு மேல பிராண்டுங்களுக்கு சொந்தமா பட்டறையே கெடையாது. சான் ஃபிரான்சிஸ்கோ டீலக்ஸ் கம்பெனியோட ரியல், ஆன்டி ஹீரோ ரெண்டுமே மெக்ஸிகோல இருக்கற பிபிஎஸ்ங்கற பட்டறையில அழுத்தி வர்ற சரக்கு. பால் ஷ்மிட்னு ஒருத்தர், ஸ்கேட் உலகத்துல அவரை புரொஃபசர்னு கூப்பிடுவாங்க, அவரோட பிஎஸ் ஸ்டிக்ஸ் பட்டறையும் ஏகப்பட்ட பிராண்டுக்கு அழுத்திக் குடுத்திருக்கு. ஆக நீங்க ரெண்டு பிராண்டுக்கு நடுவுல மண்டையை ஒடைச்சுக்கற நேரத்துல அது ரெண்டும் ஒரே வயித்துல பொறந்த அண்ணன் தம்பியா இருக்கலாம்.

மொதல் போர்டு கதையை சொல்லிடறேன். ஆன்லைன்ல 1900 ரூவாய்க்கு முழு செட்டு, டெக்கு, ட்ரக் (வீலை டெக்கோட இணைக்கற உலோக அச்சு), வீல் எல்லாம் சேர்த்து. யாருகிட்ட வாங்கினேன்னு சொல்லப் போறதில்ல, அந்த மாதிரி நூறு பேரு இருக்காங்க. மேல பெருசா "கனடியன் மேப்பிள்"னு ஸ்டிக்கர். வாங்கின ரெண்டாவது மாசம் தொம்ளூர்கிட்ட மழையில மாட்டிக்கிட்டேன், ஃப்ளைஓவருக்கு கீழ ஒதுங்கறதுக்குள்ள போர்டு முழுக்க நனைஞ்சுடுச்சு, வீட்டுக்கு வந்து வாசல்ல சாய்ச்சு வெச்சேன். காலையில பார்த்தா காயப்போட்ட வடாம் மாதிரி ஒரு பக்கமா சுருண்டு நிக்குது, வால் முனையில ஏடு ஏடா பிரிஞ்சு வாயைப் பொளந்துட்டிருக்கு.

எங்கப்பா தச்சர். முப்பத்தஞ்சு வருஷம் இந்திரா நகர்லயும் கோரமங்களாவுலயும் அலமாரி, கிச்சன் கபோர்டுன்னு பிளைவுட்லயே வாழ்ந்தவரு. அந்த போர்டை கையில வாங்கி, ஓரத்தை நகத்தால கீறி, ஏடு எண்ணினாரு. "டேய் இன்னாடா இது, ஒம்போது ஏடு இருக்குது, ஒவ்வொண்ணும் ஒவ்வொரு தடிமன், உள்ள ரெண்டு ஏடு வெறும் பாப்ளர்டா, யமுனா நகர்ல இருந்து வர்ற சீப்பு பிளைவுட்ல போடுவான். மேல ஒரே ஒரு ஏடு நல்லதா ஒட்டி வெச்சிருக்கான். இது ஆப்பிள் பெட்டி அடிக்கற பலகை, இது மேல ஏறி குதிக்கறியா நீ?" அப்படின்னாரு. அன்னிக்குத்தான் எனக்கு உறைச்சுது, நான் கேள்வி கேக்க வேண்டிய ஆளு யூட்யூப்ல இல்ல, வீட்டு ஹால்ல லுங்கியோட உக்காந்திருக்காருன்னு.

நல்ல டெக்குன்னா ஏழு ஏடு. ஒவ்வொண்ணும் சுமாரா ஒன்றரை மில்லிமீட்டர், எல்லாம் சேர்ந்து 11 மில்லிமீட்டர் பக்கம் வரும். அஞ்சு ஏட்டுக்கு நார் நீளவாக்குல ஓடும், ரெண்டு ஏட்டுக்கு மட்டும் குறுக்க. நீளவாக்குல இருக்கறதுதான் வளைஞ்சு திரும்பற முறுக்கைக் குடுக்கும், குறுக்க இருக்கறது நீளத்துக்கும் பொளந்துடாம புடிச்சு வெக்கும். மரம் சுகர் மேப்பிள், வட அமெரிக்காவுல பெரிய ஏரிங்க இருக்கே அந்தப் பக்கத்து குளிர்ல வளர்றது. மெதுவா வளர்றதால நெருக்கமான ரேகை. இந்த மரத்துலதான் மேப்பிள் பாகு எடுக்கறாங்கன்னு சொன்னப்போ அப்பா "அப்போ அவங்க ஊரு பனை மரம்னு சொல்லு" அப்படின்னாரு. தேக்கை விட இது கடினம்னு சொன்னதுக்கு மட்டும் ஒத்துக்கல. ஜாங்கான்னு ஒரு அளவு இருக்கு, இரும்புக் குண்டை மரத்துல பாதி புதையற அளவுக்கு அழுத்தப் பார்க்கறது, அதுல சுகர் மேப்பிள் 1450, தேக்கு ஆயிரத்தை ஒட்டி. காட்டினேன். ரொம்ப நேரம் பேசல. அப்புறமா "கடினம் சரி, ஆனா தேக்கு மாதிரி தண்ணியைத் தாங்காது, பாரு"ன்னாரு. அவரு சொன்னது சரிதான். மேப்பிளுக்கு தண்ணி ஆகவே ஆகாது. நம்ம ஊரு டெக்கு சாவறதுல பாதி இதுலதான்.

ரெண்டாவது டெக்கு ஃப்ரெண்டு ஒருத்தன் கனடா போறப்போ குடுத்துட்டு போனது, பாண்டா கரடி படம் போட்ட எஞ்சாய், 8.0 இன்ச் அகலம், ரெசின் 7. எபாக்ஸி போட்ட ஏழு ஏடு. சாதாரண டெக்குல போடறது தண்ணி கலந்த பசை, நம்ம ஃபெவிகால் குடும்பம். எபாக்ஸின்னா அரால்டைட் குடும்பம். இது ரெண்டையும் மனசுல வெச்சுக்கிட்டா போதும், மத்த விளம்பரப் பேச்செல்லாம் தானா புரியும். பெட்டி அடிக்கற பலகையில இருந்து எறங்கி அந்த எஞ்சாய் மேல ஏறின மொத நாள் எனக்கு இன்னமும் ஞாபகம் இருக்கு. வாலை தரையில தட்டினா "டொப்"புனு இல்லாம "டக்"னு ஒரு சத்தம், சந்தையில பானை வாங்கறப்போ பாட்டி விரல் மடக்கி தட்டிப் பார்க்கும்ல, நல்ல பானைன்னா கணீர்னு பேசும்ல, அந்த மாதிரி. அது வரைக்கும் எனக்கு ஆலி வரலைன்னு நெனச்சிட்டிருந்தேன், வராதது எனக்கு இல்ல அந்த பலகைக்கு. ஒரு வருஷத்துக்கு மேல ஓட்டினேன், லாக்டவுன் முழுக்க காலியா கெடந்த பேஸ்மென்ட் பார்க்கிங்ல இதுலதான். வடிவம் கொஞ்சம்கூட மாறல, மூக்கும் வாலும் எந்த கோணத்துல வந்துச்சோ அதே கோணத்துல நின்னுச்சு.

அப்புறம் ரியல் ஒண்ணு, அது தேஞ்சதும் இன்னொரு ரியல், நடுவுல ஒரு ஆன்டி ஹீரோ, எல்லாம் 8.25. இங்க வந்து சேர்றப்போ ஒவ்வொண்ணும் ஆறாயிரத்துச் சொச்சம் ஆச்சு, கஸ்டம்ஸ் கூரியர்னு எல்லாம் ஏத்தி. இது தண்ணிப் பசை டெக்கு. ஏறின ஒடனே தெரியற வித்தியாசம் என்னன்னா, எபாக்ஸி போர்டு காலுக்கு கீழ ஒரு தகடு மாதிரி இருக்கும், இது மரமா இருக்கும். வேற எப்படி சொல்றதுன்னு தெரியல. லேண்ட் ஆகறப்போ கொஞ்சூண்டு குடுத்து வாங்கும், முட்டிக்கு எதமா இருக்கும். மொதல் மூணு வாரம் அந்த பாப், அதாவது துள்ளல், இருக்கே, அடேயப்பா, வாலை மிதிச்சா போர்டு தானா கையைப் புடிச்சு மேல தூக்கிட்டு போற மாதிரி. அதுக்கப்புறம் மெதுவா, ரொம்ப மெதுவா எறங்கும். நாளுக்கு நாள் தெரியாது, புது டெக்கு ஒண்ணை ஃப்ரெண்டுகிட்ட வாங்கி ஏறிப் பார்த்தாதான் "அடப்பாவி, இவ்ளோ நாளா செத்த போர்டுலயா ஓட்டிட்டிருந்தோம்"னு தெரியும்.

பாப் போறதுன்னா என்ன? வால் தரையில ஆயிரக்கணக்கான தடவை அடி வாங்கறதுல மூலையில நார் நசுங்கிடும், உள்ள கண்ணுக்கு தெரியாத மயிரிழை விரிசல் விழும், ஓரம் தேய்ஞ்சு நார் முனை வெளிய வந்துடும், அந்த முனைங்க ஒவ்வொண்ணும் ஸ்ட்ரா மாதிரி காத்துல இருக்கற ஈரத்தை உறிஞ்சும். ஈரமான மரம் வளையும், ஆனா திருப்பி அடிக்காது. அவ்ளோதான். தண்ணிப் பசை டெக்கு கெழவனாட்டம் படிப்படியா தளர்றது இதனாலதான், எபாக்ஸி டெக்கு கடைசி வரைக்கும் முறுக்கா திரிஞ்சிட்டு ஒரு நாள் சொல்லாம கொள்ளாம போயிடும். எனக்கு கெழவன்தான் புடிக்கும், ஆனா இது ருசி விஷயம், உங்களுக்கு மாறலாம்.

அந்த ஆறுல ரெண்டு துண்டா கெடக்கறது எந்த டெக்குன்னு கேக்காதீங்க, அது மேல தப்பு இல்ல. மூணு படி தாண்டறேன்னு கால் ரெண்டையும் போல்ட்டு மேல வெக்காம நடு வயித்துல எறக்கினேன். அப்படி எறங்கினா எதுவும் தாங்காது.

இப்போ பட்டறை விஷயத்துக்கு திரும்பி வரேன், ஏன்னா ரெண்டு ரியல் வாங்கினப்போ எனக்கு ஒரு குழப்பம். ஒரே அகலம், ஒரே வீல்பேஸ் (முன் ட்ரக்குக்கும் பின் ட்ரக்குக்கும் நடுவுல தூரம்), ஆனா ரெண்டாவதுல வளைவு கொஞ்சம் தட்டையா இருந்துச்சு. மோசம்லாம் இல்ல, எனக்கு அதுதான் இன்னும் புடிச்சுது. ஏன் இப்படின்னு தேடிப் படிச்சப்போதான் புரிஞ்சுது. அச்சுக்குள்ள ஒரே நேரத்துல பல டெக்கை ஒண்ணு மேல ஒண்ணா அடுக்கி அழுத்தறதுதான் இந்தத் தொழில்ல பொது வழக்கம். இட்லி குக்கர்ல தட்டு தட்டா அடுக்கறோம்ல, மேல் தட்டு இட்லியும் அடித் தட்டு இட்லியும் ஒரே மாவுதான், ஒரே நேரம்தான், இருந்தாலும் ஒண்ணு போல வராது. டெக்குலயும் அடுக்குல மேல இருந்ததுக்கும் கீழ இருந்ததுக்கும் வளைவுல நூலளவு வித்தியாசம் வரும். சில பட்டறைங்க ஒரு அச்சுக்கு ஒரே டெக்குன்னு அழுத்தறாங்க, அதுல இந்தப் பிரச்னை கம்மி, வெலை ஜாஸ்தி. அதனால நேர்ல கடைக்கு போனா வெக்கப்படாம மூணு டெக்கை எடுத்து கண்ணாடி கவுண்டர் மேல வெச்சு ஆட்டிப் பாருங்க, நாலு முனையும் ஒழுங்கா உக்காருதான்னு. ரெண்டை வயித்தோட வயிறு சேர்த்து வெச்சு வெளிச்சத்துல இடைவெளி பாருங்க. கடைக்காரர் மொறைப்பாரு, மொறைக்கட்டும், காசு நம்மது.

இதை நான் கத்துக்கிட்டது காசு குடுத்துதான். படம் எதுவும் போடாத பிளாங்க் டெக்கு, 2800 ரூவா, வேற ஊர்ல இருக்கற ஒரு கடையில இருந்து வரவழைச்சேன். மொதல் ஒண்ணு அருமை, நாலு மாசம் நல்லாவே ஒழைச்சுது, அந்த நம்பிக்கையில ரெண்டாவது வாங்கினா பெட்டியைப் பிரிக்கறப்பவே முறுக்கிக்கிட்டு வந்துச்சு, தரையில வெச்சா ஒரு காலு சின்னதான பெஞ்சு மாதிரி டக்கு டக்குனு ஆடுது. ஃபோட்டோ அனுப்பினேன், வீடியோ அனுப்பினேன், "ட்ரக் மாட்டினா சரியாயிடும் ப்ரோ"ன்னாங்க. மாட்டினேன், நேரா தள்ளினா தானா எடது பக்கம் போகுது. மாத்தித் தர மாட்டோம்னுட்டாங்க. அப்பா பார்த்துட்டு சொன்னது, இது அழுத்தினதுல வந்த தப்பா இருக்காது, ஈரமான குடோன்ல சுவத்துல சாய்ச்சு வெச்சிருப்பான், பிளைவுட் கடையில புது பையன் பண்ற அதே தப்பு. மைசூர் ரோடு டிம்பர் யார்டு பக்கம் போய் பாருங்க, வெவரமானவங்க ஷீட்டை ஒண்ணு சமமா படுக்கப் போட்டு அடுக்குவாங்க இல்லைன்னா செங்குத்தா நெருக்கி நிறுத்துவாங்க, அரைகுறையா சாய்ச்சு வெக்க மாட்டாங்க.

சரி, இந்த கொதிக்கிற தண்ணி கதை. நம்ம பிளைவுட்ல ஐஎஸ் 303, ஐஎஸ் 710னு ரெண்டு முத்திரை பார்த்திருப்பீங்க. 710ங்கறது மரைன் கிரேடு, அதுக்கு டெஸ்ட் என்னன்னா துண்டை 72 மணி நேரம் கொதிக்க வெச்சும் ஏடு பிரியக்கூடாது. ஒரு ஞாயித்துக்கெழமை அப்பாவுக்கு திடீர்னு ஆர்வம் வந்து, என் செத்த டெக்குங்க ஒவ்வொண்ணுலயும் தீப்பெட்டி அளவுக்கு ஒரு துண்டு ரம்பத்தால அறுத்து, பென்சில்ல நம்பர் போட்டு, பழைய அலுமினியப் பானையில போட்டு அடுப்புல ஏத்திட்டாரு. அம்மா கோயில்ல இருந்து திரும்பி வந்து மூடியைத் தொறந்து பார்த்துட்டு கத்தின கத்து காரு தெரு வரைக்கும் கேட்டிருக்கும். 72 மணி நேரத்துக்கு சிலிண்டர் யாரு குடுப்பா, மூணு மணி நேரத்துல நிறுத்தினோம். மொதல் போர்டோட துண்டு இருபது நிமிஷத்துலயே பஜ்ஜி மாவு கழண்டு வந்த மாதிரி ஒம்போது ஏடும் தனித்தனியா மிதந்துச்சு. தண்ணிப் பசை துண்டுங்க ஓரம் உப்பி, ஒண்ணு ரெண்டு ஏடு முனையில பிரிஞ்சு, ஆனா நடுவுல கத்தியை விட்டு நெம்பினாலும் வரல. எபாக்ஸி துண்டு அப்படியே கெடந்துச்சு, கொஞ்சம் நிறம் மாறினதோட சரி. அப்பா அதைத்தான் ரொம்ப நேரம் திருப்பித் திருப்பிப் பார்த்துட்டிருந்தாரு. "இதை எவன் ஒட்டினானோ, ஒழுங்கா ஒட்டியிருக்கான்." அவரு வாயில இருந்து இது பெரிய சர்ட்டிஃபிகேட்டு, என் ப்ளஸ் டூ மார்க்குக்கே அவ்ளோ சொல்லல.

இது விஞ்ஞானம் இல்ல, ஆளுக்கு ஒரு துண்டு, ஒரு பானை. நாமளும் டெக்கை ரசம் வெக்கப் போறதில்ல. ஆனா ஜூன்ல இருந்து அக்டோபர் வரைக்கும் எந்த சாயங்காலம் எங்க ஊத்தும்னு தெரியாத ஊர்ல இருக்கறவனுக்கு அந்தப் பானை ஏதோ சொல்லுதுன்னுதான் நெனைக்கறேன். மெட்ராஸ் பக்கம் இன்னும் மோசம், கோவளத்துல இருக்கற என் சித்தப்பா பையன் கடல் காத்துலயே வாழறவன், அவன் புது டெக்கு பிரிச்சு ஆறு வாரத்துல அது நான் நாலு மாசம் ஓட்டின டெக்கு மாதிரி தொளதொளன்னு இருக்கும். நனைஞ்சா என்ன பண்ணணும்னா, வெயில்ல வெக்காதீங்க, ஒரு பக்கம் சீக்கிரம் காய்ஞ்சு வளைஞ்சுடும். ட்ரக்கைக் கழட்டிட்டு ஃபேன் காத்துல ஒரு பக்கவாட்டு ஓரத்துல நிறுத்தி ரெண்டு நாள் விடுங்க. அந்த ரெண்டு நாள் ஓட்டினீங்கன்னா ஒரு மாச ஆயுசு போச்சு.

இப்போ ஓட்டறது பவல் பெரால்ட்டா ஃப்ளைட். 1978-ல இருந்து இருக்கற கம்பெனி, இந்த ஃப்ளைட்ல ஏழுக்கு பதிலா அஞ்சு மேப்பிள் ஏடு, நடுவுல ஃபைபர் எபாக்ஸியோட. நான் வாங்கினப்போ அமெரிக்காவுலயே நூறு டாலர் பக்கம், மத்த டெக்கை விட ரொம்ப ஜாஸ்தி. எனக்கு மாமா பொண்ணு சூட்கேஸ்ல கொண்டு வந்து குடுத்தா, அப்படியும் 9500 ஆச்சு. கையில எடுத்தா மொதல்ல பயமாதான் இருந்துச்சு, அவ்ளோ ஒல்லி, பக்கவாட்டுல பார்த்தா பாதி டெக்கைக் காணோமேன்னு தோணும். 14 மாசம் ஆச்சு. பாப் மொத மாசத்துக்கும் இப்போதைக்கும் எனக்கு வித்தியாசம் தெரியல, நடுவுல ஒரு தடவை எசகுபிசகா நடு வயித்துலயே எறங்கினேன், வில்லு மாதிரி வளைஞ்சு திரும்பிடுச்சு, நான்தான் விழுந்தேன். சத்தம் மட்டும் எனக்கு இன்னும் பழகல, மரம் பேசற மாதிரி இல்ல, தகரப் பெட்டி மூடற மாதிரி ஒரு "டச்சு". ஆனா ஒண்ணு தெளிவா சொல்லிடறேன், ஃபைபர் போட்டா ஒடையாதுங்கறது வேற, தேயாதுங்கறது வேற. கான்கிரீட்டுக்கு எல்லாம் ஒண்ணுதான். நான் வாலைத் தரையில தேய்ச்சு பிரேக் போடற கெட்ட பழக்கக்காரன், இதுலயும் வால் பிளேடு மாதிரி ஆயிடுச்சு, நம்ம ஆளுங்க ரேசர் டெயிலுன்னு சொல்றது. கால்ல பிரேக் போட கத்துக்கோங்க, எந்த டெக்கு வாங்கினாலும் ரெண்டு மாசம் ஜாஸ்தி வரும். அந்த கூர்முனையை உப்புத்தாள் போட்டு தேய்க்கறதா இருந்தா ஃபைபர் டெக்குக்கு கண்டிப்பா மாஸ்க்கு, முழுக்கை சட்டை. நான் பனியனோட தேய்ச்சுட்டு ரெண்டு நாள் சொறிஞ்சிட்டிருந்தேன்.

சான்ட்டா க்ரூஸ் விஎக்ஸ் இதே போல அஞ்சு ஏடு கதைதான், ஃப்ரெண்டோடது, பத்து நிமிஷம்தான் ஏறினேன், நல்லா இருந்துச்சு, அதுக்கு மேல சொல்ல எனக்கு தகுதி இல்ல.

காசு கணக்கு போட்டுப் பார்த்தா எனக்கே கொஞ்சம் அதிர்ச்சி. 1900 ரூவா செட்டு ரெண்டு மாசம், மாசத்துக்கு 950. ரியல் ஒண்ணு சராசரியா 7 மாசம், 6200-ன்னு வெச்சா மாசம் 885. நல்லா வந்த பிளாங்க்கு 2800-க்கு 4 மாசம், 700. ஃப்ளைட்டு இன்னியோட 680 பக்கம், இன்னும் எறங்கிட்டிருக்கு. ஆக எனக்கு மாசக் கணக்குல அதிகமா செலவு வெச்சது அந்த பெட்டிப் பலகைதான். ஆனா இதைப் பார்த்துட்டு ஒடனே பத்தாயிரம் போடாதீங்க, ஏன்னா ஆரம்பத்துல டெக்கு தேயறதுக்கு முன்னாடி ஆசை தேய்ஞ்சுடும் நெறைய பேருக்கு. அக்கா பையன் டோக்கியோ ஒலிம்பிக்ஸ்ல, 2021-ல நடந்துச்சே, அதுல 13 வயசு ஜப்பான் பொண்ணு மோமிஜி நிஷியா தங்கம் வாங்கினதை டிவில பார்த்துட்டு அன்னிக்கே போர்டு வேணும்னு உருண்டான். கூட்டிட்டு போய் சர்ஜாபூர் ரோடு டெகத்லான்ல ஒண்ணு வாங்கிக் குடுத்தேன், அங்க ஒரு வசதி என்னன்னா தரையில வெச்சு ஏறி நின்னு பார்த்துட்டு வாங்கலாம். நாலு வருஷமாச்சு, அது இன்னமும் ஓடுது. அதுக்கு முக்கியமான காரணம் அவன் மாசத்துக்கு ஒரு தடவைதான் எடுக்கறான்.

எங்க ஓட்டறீங்கங்கறதும் கணக்குல வரும். ஞாயித்துக்கெழமை காலையில கப்பன் பார்க்ல வண்டி விட மாட்டாங்க, வழவழ தார் ரோடு, அங்க உருட்டினா டெக்குக்கு ஒண்ணுமே ஆகாது. சர்ச் ஸ்ட்ரீட்ல 2018-ல கருங்கல் பதிச்சாங்க, பார்க்க அழகு, காபி குடிக்க அழகு, வீலுக்கும் போல்ட்டுக்கும் பல்லு ஆடிடும். அந்த அதிர்வுல நட்டு தளரும், நாம பயந்துட்டு இறுக்குவோம், இன்னும் இறுக்குவோம், கடைசில போல்ட்டு தலை கிரிப் டேப்புக்குள்ள (கால் வழுக்காம டெக்கு மேல ஒட்டற சொரசொர தாள்) மூழ்கி மேல் ஏட்டை நசுக்கி அங்க இருந்து விரிசல் கெளம்பும். என் டெக்குங்கள்ல மூணுல விரிசல் ஆரம்பிச்ச எடம் வால் இல்ல, முன்னாடி ட்ரக்கோட உள்பக்க ரெண்டு ஓட்டை. தலை மட்டமா உக்காந்தா நிறுத்திடுங்க. பழைய ஆளுங்க ஹோலிஸ்டோக்டுங்கற நம்ம ஊரு ஸ்கேட் குழு பசங்க 2013-ல லீவைஸ் துணையோட கட்டின அந்த இலவச பார்க்கைப் பத்தி இன்னமும் பேசுவாங்க, நான் ஓட்ட ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி காலம் அது, அதனால எனக்கு பெருமூச்சு மட்டும்தான்.

அகலம் பத்தி ஒரே வரி: 8.0-ல கத்துக்கிட்டேன், 8.25-க்கு வந்தப்புறம் திரும்பிப் பார்க்கல. ட்ரக்கையும் அதுக்கு ஏத்த மாதிரி மாத்துங்க, இன்டிபென்டன்ட்ங்கற ட்ரக் பிராண்டுன்னா 8.0-க்கு 139-ம் நம்பர் சைஸு, 8.25-க்கு 144.

அடுப்படி கதை. மொதல் ரியல் வால் தேஞ்சு பாப் செத்து ஓரம் எல்லாம் நார் நாரா கெளம்பினதும் படிக்கு அடியில போட்டேன். அம்மாவோட அருவாமணை பலகை அதே சமயத்துல பொளந்துச்சு, பாட்டி காலத்து மாம்பலகை. அப்பா கிரிப் டேப்பை இஸ்திரிப் பெட்டி சூடு காட்டி உரிச்சு, ரெண்டு முனையையும் அறுத்துட்டு, நடு துண்டுல பழைய அருவாளை மாட்டிக் குடுத்துட்டாரு. அந்த லேசான குழிவுல அம்மா காலை மடக்கி வெச்சா கச்சிதமா உக்காருதாம், முந்தினது மாதிரி வழுக்கலையாம். அடியில படம் இன்னும் பாதி இருக்கு. ரெண்டு வருஷமா தெனம் ரெண்டு வேளை தண்ணி பட்டு, மீன் கழுவி, புளி தேச்சு விளக்கின டெக்கு இது, எந்த கம்பெனியும் இப்படி ஒரு டெஸ்ட் வெச்சிருக்க மாட்டான். நேத்து கவுத்துப் பார்த்தேன், ஒரு ஓரத்துல மட்டும் அடி ஏடு நகம் நுழையற அளவுக்கு தூக்கியிருக்கு. ட்ரக் போல்ட்டு ஓட்டை எட்டுலயும் கீரைத் தண்டு போய் மாட்டிக்குதுன்னு அம்மா தொடப்பக்குச்சியால குத்தி எடுத்துட்டே கேட்டுச்சு, இப்போ ஓட்டறியே அது எப்போடா ஒடையும், சித்திக்கு ஒண்ணு வேணுமாம்.